ஜாக்கி யார் கையில்

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று முதலில் சொன்னவனை நேரில் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பேன். நான் மூன்று வருஷம் பொறுத்தேன். பூமியை விடுங்கள், மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்த்த ஹார்டுவேர் கடையின் கவுண்டரைக்கூட ஆள முடியாமல் போனதுதான் மிச்சம்.

வலது இடுப்பு மூட்டு. முதலில் கடைப்படி ஏறும்போது மட்டும் சுருக்கென்றது. பிறகு பஸ்ஸில் ஏற, செருப்பு மாட்ட, தும்ம. கடைசி வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரோ திருகாணியை உள்ளே இறக்குவது போல இருந்தது. மகள் கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. அவள் முதல் பிரசவம் நம் வீட்டில்தானே, அது முடியட்டும் என்றேன். அதுவும் முடிந்தது. அப்புறம் கிறிஸ்துமஸ் வந்தது. நம்முடைய ஊரில் ஒரு மனிதன் படுத்துக்கொள்ள நல்ல நாள் என்று ஒன்று இருக்கிறதா என்ன?

மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று எனக்கு ஒரு பயம். அதனால் வலி மாத்திரை தொடுவதில்லை. குலசேகரம் பக்கம் ஒரு ஆசான் எண்ணெய் போட்டுத் தடவினார். தடவிய அன்றைக்கு நன்றாக இருக்கும், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. சரியாக உறங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஆனால் வீட்டில் கேட்டால் என் பதில் ஒன்றுதான்.

"இப்ப எப்பிடி இருக்கு?" என்பாள் என் மனைவி.

"ஒண்ணுமில்ல. லேசா ஒரு பிடுத்தம். அவ்வளவுதான்."

கடைசியில் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்து சப்பையாகிப்போயிற்று, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்தார். வயது அதிகமில்லை, கண்ணில் மட்டும் நல்ல கூர்மை. வலிக்கு நம்பர் போடச் சொன்னார். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து.

நான் மூன்று என்றேன்.

"மூணுதான்னா எதுக்கு வீல் சேர்ல வந்தீங்க?"

அதற்கு நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "இவங்களுக்கு அவ்வளவா வலி இல்ல டாக்டர். இருந்தா மொகத்துல தெரியுமே."

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வெளி மாவட்டம். அவருக்கு எங்கள் ஊர் வழக்கம் எங்கே தெரியும்? விருந்துக்குப் போன வீட்டில் "இன்னும் கொஞ்சம் சோறு?" என்றால், வயிறு பாதிதான் நிறைந்திருந்தாலும் கையை இலைக்குக் குறுக்கே நீட்டிப் "போதும்" என்கிற ஆட்கள் நாங்கள். அது மரியாதை. வலியைக் கேட்டாலும் அதே மரியாதையில்தான் பதில் வரும். பாதியைச் சொல்லுவோம், மீதியை நாங்களே வைத்துக்கொள்ளுவோம்.

ஆபரேஷன் நடந்தது. அதற்கு அடுத்த நாட்கள் என் கணக்கிலேயே இல்லை. ஒரு பச்சைத் திரை, ஒரு மின்விசிறி, யாரோ நெற்றியில் கை வைத்தது. அவ்வளவுதான் ஞாபகம். "நான் என்ன செஞ்சேன்?" என்று பிறகு கேட்டதற்கு, "நல்லா ஒறங்கினீங்க" என்று முடித்துவிட்டாள் மனைவி.

வலி போயே போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வாக்கரைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை வராந்தாவின் அந்தக் கோடி வரை நடந்தபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இத்தனை வருஷம் எந்த மடையன் இதைத் தள்ளிப்போட்டான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மூட்டு சரியாகிவிட்டது, தலை சரியில்லை.

ஒரு சாயங்கால ஜெபத்தில் பரமண்டல ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு முழித்தேன். பிறந்ததிலிருந்து சொல்கிற ஜெபம். மனைவி ஒன்றும் நடக்காத மாதிரி மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். பார்க்க வந்தவர்களிடம் ஒரே கதையை ஒரே இருப்பில் மூன்று முறை சொன்னேனாம். பேசிக்கொண்டே இருப்பேன், வேண்டிய சொல் நாக்கு நுனி வரை வந்து, அங்கேயே நின்று என்னைப் பார்க்கும். கடைக்குத் திரும்பிய முதல் நாள் ஒருவர் முக்கால் இஞ்ச் எல்போ கேட்டார். இருபது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்த சாமான். எந்த ரேக் என்று தெரியாமல் அப்படியே நின்றேன். முதலாளி நல்ல மனுஷன், "ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கண்ணே" என்று தோளைத் தட்டி அனுப்பினார். அந்தத் தட்டு எனக்கு அறை மாதிரி விழுந்தது.

ஆனால் எனக்கு உண்மையில் உயிர் போனது சீட்டாட்டத்தில்தான்.

எங்கள் ஜங்ஷனில் ஒரு கிளப் உண்டு. பேர்தான் கிளப், ஓடு போட்ட ஒரு அறை, ஒரு மேஜை, நாலு நாற்காலி. அங்கே நாங்கள் நாலு பேர் வாலிபத்திலிருந்தே இருபத்தெட்டு ஆடுகிறவர்கள். காசு வைக்கிற பழக்கம் கிடையாது. நானும் ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவனும் ஒரு கூட்டு. எதிர்க் கூட்டு ரப்பர் ஷீட் வியாபாரியும் ஒரு தையல்காரனும். முப்பத்திரண்டு சீட்டு. இதில் ராஜாவுக்கு மதிப்பில்லை. ஜாக்கிதான் பெரியவன், அவனுக்கு மூன்று புள்ளி, அடுத்து ஒன்பது, அதற்கு இரண்டு, அப்புறம் ஏஸ் என்கிற ஆசு, பத்து, இவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்டு ஜெயித்தவன் துருப்பைக் கவிழ்த்து வைப்பான், எந்த இனம் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே விழுந்த சீட்டு ஒவ்வொன்றையும் மனதில் எண்ணிக்கொண்டு, விழாதது யார் கையில் என்று கண்டுபிடிக்கிறவன்தான் ஆட்டக்காரன். நான் ஆட்டக்காரன். பெருமைக்குச் சொல்லவில்லை, ஜங்ஷனில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். தோற்ற கூட்டு பிலாவிலையைச் சுருட்டி ஈர்க்குச்சி குத்திச் செய்த குணுக்கைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆட வேண்டும். ரோட்டில் போகிறவன் வருகிறவனெல்லாம் பார்த்துச் சிரிப்பான். அந்த அவமானத்துக்குப் பயந்தே எண்ணிக்கை கூர்மையாகும்.

ஆபரேஷன் முடிந்து முதன்முதலில் கிளப்புக்குப் போன அன்று நான்தான் துருப்பு கவிழ்த்தேன். நாலு சுற்று போயிருக்கும். என் துருப்பு என்ன இனம் என்பது எனக்கே மறந்துபோனது. ஹார்ட் என்கிற ஆட்டினா, ஸ்பேடா என்று மண்டைக்குள் தடவிப் பார்க்கிறேன், ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. கையை நீட்டிக் கவிழ்த்த சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பழைய நாளாக இருந்தால் தையல்காரன் அதை வைத்தே ஒரு மாசம் என்னை ஓட்டியிருப்பான். அன்றைக்கு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோற்றோம். குணுக்கு மாட்ட நான் காதை நீட்டினேன்.

"போவட்டும் மக்கா, இண்ணைக்கு வேண்டாம்" என்றான் ரப்பர் ஷீட் வியாபாரி.

எளவு, அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாகப் போகிறவனைப் பார்க்க வந்தவர்கள் பேசுகிற குரல் அது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த மயக்க மருந்து டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்தோம். அவர் பேச்சில் பூசி மெழுகல் இல்லை.

"ரொம்ப நாள் கடும் வலியோட இருந்துட்டு ஆபரேஷனுக்கு வர்றவங்கள்ல சில பேருக்கு அப்புறம் இப்படிக் குழப்பமும் மறதியும் வர்றத நாங்க பாக்குறோம். வலி, தூக்கமின்மை, மனசுல பாரம், எல்லாத்தையும் சுமந்து மூளை ஏற்கெனவே களைச்சுப் போயிருக்கு. அது மேல ஒரு பெரிய ஆபரேஷன். உங்களுக்கு இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா முன்னாடியே வலி எவ்வளவுன்னு தெரிஞ்சிருந்தா அதுக்கு வைத்தியம் பண்ணி, கொஞ்சம் தேத்திட்டுக் கூட்டிட்டுப் போயிருப்போம்."

"திரும்பி வருமா?" என்றேன்.

"நிறையப் பேருக்கு மெதுவா வருது. நல்லாத் தூங்கணும், நடக்கணும், வலி இருந்தா ஒளிக்காமச் சொல்லணும். மூளைக்கு வேலை குடுங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச, தலையைப் போட்டுக் குழப்பிக்கிற மாதிரி எதாவது."

பஸ்ஸில் திரும்பினோம். மார்த்தாண்டத்தில் இறங்கியதும் என் மனைவி என்னை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து காய்கறிப் பையைக் கொட்டினாள். முருங்கைக்காய்க்கும் சேம்புக்கும் அடியிலிருந்து ஒரு சீட்டுக்கட்டு விழுந்தது.

இவள் யார் என்று சொன்னால்தான் இது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது விளங்கும். சபையில் பெண்கள் ஐக்கியத்தில் முன்னால் நிற்கிறவள். கல்யாணமான புதிதில் என் சட்டைப்பையில் சீட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் பேசாதவள். கிளப்பிலிருந்து வந்தால் கை கழுவாமல் சோறு போட மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சம்மணம் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"இது என்னவாக்கும்?"

"ஸ்பேடு."

"இது?"

"ஆட்டின்."

"செரி. எதுக்கு எது பெருசு? முதல்ல இருந்து சொல்லுங்க. விட்டுவிட்டுச் சொல்லாண்டாம்."

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் எனக்குப் பாடம் வைத்தாள். முதலில் நாலு சீட்டைக் காட்டிவிட்டுக் கவிழ்ப்பாள், நான் வரிசையாகச் சொல்ல வேண்டும். நாலில் இரண்டு தப்பும். "தலை வலிக்கி, போதும்" என்றால், "ஒண்ணும் வலிக்கல, எழும்பாண்டாம்" என்பாள். நான் சீட்டைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி கலைப்பாள். நாலு ஆறாயிற்று, ஆறு எட்டாயிற்று. பிறகு ஆளுக்கு இரண்டு பேருடைய சீட்டைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரே முழு ஆட்டமும் ஆடத் தொடங்கினோம். காலையில் அவள் கூடவே குழித்துறை ஆற்றங்கரை வரைக்கும் நடை, மத்தியானம் சீட்டு. மழையானாலும் சீட்டு, விருந்தாளி வந்து போனாலும் சீட்டு. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள், என் மண்டை அதைவிடக் கெட்டி, ஆனால் அவள் விட்டாளில்லை.

ஒரு நாள் ஆட்டம் சூடாக இருந்த நேரத்தில் போதகர் வந்துவிட்டார், வியாதிக்காரனுக்கு ஜெபிக்க. அவள் சட்டென்று எல்லாச் சீட்டையும் வாரி மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள். போதகர் உட்கார்ந்தார், காப்பி வேண்டாம் என்றார், எழுந்து நின்று ஜெபிப்போம் என்றார். எல்லோரும் எழுந்தோம். முப்பத்திரண்டும் பொலபொலவென்று போதகரின் காலடியில் கொட்டியது.

நான் செத்தேன். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"டாக்டர் சொன்ன மருந்தாக்கும் ஐயா. இவங்களுக்கு ஞாபகம் திரும்பணும்னு."

போதகர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். பிறகு குனிந்து தன் செருப்பின் மேல் கிடந்த டைமன் ராணியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நேரா நேரத்துக்குக் குடும்மா" என்றார். அன்றைக்கு அவர் ஜெபித்த ஜெபம் என்னவோ ரொம்ப நீளம்.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் மனைவி ஒரு தடவைகூட எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. நான் ஒரு சீட்டை மறந்தால் அந்த இடத்திலேயே அடித்து வாங்குவாள். "தோத்தாச்சு. கலைங்க" என்பாள். பாவம் பார்க்கிற முகமே கிடையாது. அவளிடம் தோற்றுத் தோற்று எனக்கு ஆத்திரம் மூண்டது, அந்த ஆத்திரத்தில்தான் எண்ணிக்கை பிடிபட்டது. கடையிலும் ரேக்குகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. முதலில் அரை நாள் போனேன், பிறகு முழு நாள்.

கிளப்புக்கும் திரும்பப் போனேன். அங்கே நான் ஜெயிக்கத் தொடங்கினேன். முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது வாரம் நெருடியது. நான் தப்பாக இறங்கினாலும் ஜெயிக்கிறேன். என் வீட்டுக்காரியிடம் செல்லாத சீட்டு இவன்களிடம் எப்படிச் செல்லுகிறது? ஒருவேளை என் தலைதான் இன்னும் சரியாகவில்லையோ, நடப்பது புரியாமல்தான் இப்படி யோசிக்கிறேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்தது. அதுதான் பெரிய வேதனை. யாரை நம்புவது, தலையையா, கண்ணையா?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நாங்கள் பதினெட்டுப் புள்ளி கேட்டிருந்தோம், பதினாறு வந்துவிட்டது. கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு பாக்கி. துருப்பெல்லாம் தீர்ந்துபோயிற்று. ஆட்டினில் ஜாக்கி இன்னும் வெளியே வரவில்லை என்று தெரிந்தே, வேறு வழியில்லாமல் ஆட்டின் ஆசு சீட்டை இறக்கினேன். தையல்காரன் ஏழு போட்டான். என் கூட்டாளி டிரைவர் பத்தைப் போட்டான். வியாபாரியிடம் ஆட்டினே இல்லை, ஒரு கிளாவர் எட்டைத் தள்ளினான். ஆசும் பத்தும் சேர்ந்து இரண்டு, பதினெட்டு ஆயிற்று.

"நீங்க ஜெயிச்சாச்சு மக்கா!" என்று தையல்காரன் கையிலிருந்த கடைசிச் சீட்டைக் கட்டோடு சேர்க்கப் போனான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அந்தச் சீட்டக் காட்டு."

"என்னத்துக்குலே? ஆட்டம் முடிஞ்சாச்சே."

"வியாபாரிகிட்ட ஆட்டின் இல்ல. டிரைவர் கையில இருந்தா பத்த எறக்கியிருக்க மாட்டான், ஜாக்கியவே போட்டிருப்பான். எனக்க கையில இல்ல. அப்ப அது எங்க? காட்டுலே சவமே!"

விரலைப் பிரித்தேன். ஆட்டின் ஜாக்கி.

நாற்காலி பின்னால் விழுகிற வேகத்தில் எழுந்தேன். "ஜாக்கிய கையில வச்சுகிட்டு ஆசு மேல ஏழ போட்டியா? நான் என்ன பச்சப்பிள்ளயாலே? பிச்சக்காரனா? எத்தன நாளா நடக்கு இந்தக் கூத்து?" டிரைவரைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீயும் கூட்டா?"

"ஒனக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னுதான்..." என்று இழுத்தான்.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து மூச்சு வாங்கி நின்றபோதுதான் கவனித்தேன், மூன்று பேரும் ஒரு மாதிரியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லேய், இவன் எண்ணியிருக்கானுலே" என்றான் தையல்காரன் மெதுவாக. "முச்சூடும் எண்ணியிருக்கான்."

நான் அங்கே நிற்கவில்லை. வாக்கர் இல்லை, கம்பு இல்லை, வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தேன். என் மனைவி அடுப்பில் மீன்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"ஆட்டின மொதல்ல எறக்கினது யாரு?"

"வியாபாரி. ராஜா."

"நீங்க?"

"எட்டு."

"தையல்காரர்?"

"ராணி. டிரைவர் ஒம்பதப் போட்டு வாங்கினான்."

"ரெண்டாவது சுத்து?"

"எனக்க ஆசு. தையல்காரன் ஏழு. டிரைவர் பத்து."

அவள் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கை விரல்களையும் மடக்கிக்கொண்டே வந்தாள். எட்டு ஆட்டினில் ஏழு.

"மிச்சம்?"

"ஜாக்கி. தையல்காரன் கையில."

அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், நான் சீட்டை முகத்தில் எறிந்தபோது அழாதவள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்காரப் போனால் புது மூட்டு அவ்வளவு மடங்காது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் தலையில் கை வைத்தேன்.

"உங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்ச அண்ணைக்கு என்ன நடந்ததுன்னு தெரியுமா?" என்றாள்.

"ஒறங்கினேன்னு சொன்ன."

"ஒறங்கல. என்னைய உங்களுக்கு அடையாளம் தெரியல. எனக்கக் கையப் பிடிச்சுட்டு 'சிஸ்டர், சிஸ்டர்'னு கூப்பிட்டீங்க. 'மூணு வருசமா உயிர் போற வலி சிஸ்டர், ஒரு நாளும் ஒறங்கல, எனக்க வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, பயந்துருவா'ன்னு சொன்னீங்க."

குழம்பு அணைந்த அடுப்பில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"நீ என்ன சொன்ன?" என்று கடைசியில் கேட்டேன்.

"செரி, சொல்ல மாட்டேன்னு சொன்னேன்."